தேதியில் தொடங்க வேண்டாம்

தன் வாழ்க்கையை என்றாவது எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பணி ஓய்வு பெற்ற கையோடு ஒரு புது நோட்டு வாங்குகிறார்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, “நான் இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன ஊரில் பிறந்தேன்” என்று தொடங்குகிறார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், படித்த பள்ளி, வேலையில் சேர்ந்த நாள், திருமணம் நடந்த நாள். மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிடுகிறது. அறுபது வருட வாழ்க்கை இரண்டரைப் பக்கத்தில் தீர்ந்துவிட்டதே என்ற சோர்வில், “நம்மிடம் எழுத என்ன இருக்கிறது?” என்று நோட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

எழுத ஏராளமாக இருக்கிறது. மூளை தன் அனுபவங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பதில்லை என்பதால், தேதியைச் சொல்லிக் கேட்டால் அது பதில் தருவதும் இல்லை. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் நினைவைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவற்றுள் பல, வாழ்க்கைக் கதை எழுத உட்காரும் ஒருவருக்கு நேரடியாக உதவக்கூடியவை. எங்கே தொடங்குவது, எதை நம்புவது, யாரைக் கேட்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே விடை இருக்கிறது.

ஒரு மனிதர், ஆறு ஆண்டுகள்

நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் வில்லெம் வாகெனார், 1978 முதல் 1984 வரை தன்னையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொண்டார். தன் வாழ்வில் அன்றாடம் நடந்தவற்றில் குறிப்பிடத்தக்க ஒன்றைத் தேர்ந்தெடுத்து, என்ன நடந்தது, யார் இருந்தார்கள், எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று நான்கு விவரங்களாக எழுதிவந்தார். 2,400 நிகழ்ச்சிகள் சேர்ந்தன. பிறகு நான்கில் ஒரு விவரத்தை மட்டும் துப்பாக வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நினைவுக்குக் கொண்டுவர முயன்றார்.

“என்ன” என்ற துப்புதான் மிக நன்றாக வேலை செய்தது. “யார்”, “எங்கே” இரண்டும் அதற்கு அடுத்த நிலையில் இருந்தன. “எப்போது” என்பது தனியாக வந்தபோது ஏறக்குறைய எதையுமே தரவில்லை. தன் கையால் எழுதிய தேதியைப் பார்த்தும் அன்று நடந்தது அவருக்கு எட்டவில்லை.

இதை யாரும் வீட்டில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்க்கலாம். “1983 ஜூலை 14 அன்று என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் மனம் வெறுமையாக நிற்கும். “பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கும்போது ஏணி சரிந்ததே” என்று யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும். ஏணியை யார் பிடித்திருந்தார்கள், யார் அலறினார்கள், அண்டா எங்கே நசுங்கியது, அன்று என்ன விசேஷம் என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பிறந்த தேதியில் தொடங்கியவர் மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

புள்ளிகளும் கோலமும்

கனடாவில் பணியாற்றிய எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் 1972இல் நினைவில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். தஞ்சாவூரில் படித்தேன் என்பது ஒரு தகவல். அதைத் தகவல் நினைவு எனலாம். தஞ்சாவூர்ப் பள்ளியில், மழை பெய்த ஒரு மதியம், ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீரைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது மனக்கண்ணில் தெரிகிறது என்றால் அது நிகழ்ச்சி நினைவு. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முதல் வகை போதும். வாழ்க்கைக் கதைக்கு இரண்டாவது வகைதான் உயிர்.

இந்த நிகழ்ச்சி நினைவு மூளையில் ஒரே இடத்தில் முழுப் படமாக இருப்பதில்லை. பார்த்தவற்றின் தடம் மூளையின் பின்புறத்தில், கேட்டவற்றின் தடம் பக்கவாட்டில், பயமும் பரபரப்பும் அமிக்டலா என்ற பகுதியைச் சார்ந்து என்று சிதறிக் கிடக்கின்றன. இவற்றைக் கோத்து ஒரே நிகழ்ச்சியாக்குவதில் காதுகளுக்கு நேர் உள்ளே, இருபுறமும் ஒன்றாக இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய, வளைந்த பகுதிக்கு முதன்மையான பங்கு உண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோயைத் தணிப்பதற்காக இந்தப் பகுதியின் பெரும்பங்கை இருபுறமும் அகற்றினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த எந்த நிகழ்ச்சியும் அவர் மனத்தில் தங்கவில்லை. பேச்சும் அறிவுக்கூர்மையும் குறையாமல் இருந்தும், சற்று முன் சந்தித்தவரை மீண்டும் புதியவராகவே பார்த்தார்.

நினைவுகூர்தல் என்பது இந்தச் சிதறிய தடங்களை மறுபடி ஒன்றுசேர்ப்பது. வாசலில் புள்ளிகள் இருக்கின்றன; கோலத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போட வேண்டியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் இதை 1932லேயே தம் நூலில் விளக்கினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கத் தந்து, நாள்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கதையில் பழங்குடியினரின் ஓடம் சாதாரணப் படகாகியது. புரியாத பகுதிகள் உதிர்ந்தன. தங்களுக்குப் பழக்கமான காரணங்கள் இடைவெளிகளை நிரப்பின.

எழுத நினைப்பவருக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. “எல்லாம் நினைவுக்கு வரட்டும், பிறகு எழுதலாம்” என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு விவரத்தை எழுதினால் அது அடுத்த விவரத்துக்குத் துப்பாகிறது. எழுத எழுதத்தான் நினைவு கூடிவரும்.

வீட்டின் வரைபடம்

ஹிப்போகேம்பஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. லண்டனில் ஜான் ஓகீஃப் 1971இல் எலிகளின் ஹிப்போகேம்பஸில் விந்தையான செல்களைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடிக்கும். வேறோர் இடத்துக்கு நகர்ந்தால் வேறொரு செல். மூளைக்குள் ஓர் இடவரைபடம் இருக்கிறது என்பதைக் காட்டிய இந்தக் கண்டுபிடிப்புக்காக 2014இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நிகழ்ச்சிகளைக் கோப்பதும் இடங்களை அறிவதும் ஒரே பகுதியில் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே எழுதத் தொடங்குபவர் முதலில் வரையலாம். நீங்கள் எட்டு வயதில் இருந்த வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் போடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. திண்ணை எந்தப் பக்கம், ரேழி எவ்வளவு நீளம், முற்றத்தில் தண்ணீர் போகும் வழி எது, ஆட்டுக்கல் எங்கே கிடந்தது, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாளா நாதாங்கியா? ஓட்டுவீடோ, கூரைவீடோ, லைன் வீடோ, ரயில்வே குவார்ட்டர்ஸோ, எதுவானாலும் ஒவ்வொரு மூலையிலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதினால் அதுவே ஒரு பக்கம்.

வாசனை இன்னும் பின்னோக்கி அழைத்துச் செல்லும். மற்ற புலன்களின் செய்திகள் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போகின்றன. வாசனை மட்டும் அந்தச் சுற்றுவழியில் போகாமல், அமிக்டலாவுக்கும் ஹிப்போகேம்பஸுக்கு நெருங்கிய பகுதிகளுக்கும் நேராகச் சேர்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் காட்டியபோது பெரும்பாலும் இளமைக்கால நினைவுகள் வந்தன. வாசனைகளை முகரத் தந்தபோது பத்து வயதுக்கு முற்பட்ட நினைவுகளே அதிகம் வந்தன. மண்ணெண்ணெய் ஸ்டவ், சாணி மெழுகிய தரை, புதுப் பாடப்புத்தகம், வேப்பம்பூ, ஆஸ்பத்திரி டெட்டால் என்று பத்து வாசனைகளைப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

பட்டியல் போடும் இந்த முறைக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1879இல் வெளியிட்ட ஆய்வில், 75 சொற்களை எழுதிவைத்து, ஒவ்வொரு சொல்லையும் திடீரென்று பார்த்ததும் மனத்தில் எழுவதைக் குறித்துக்கொண்டார். சில வார இடைவெளி விட்டு நான்கு முறை செய்தார். எழுந்தவற்றில் கணிசமான பங்கு சிறுவயதையும் இளமையையும் சேர்ந்தவை என்பது அவரையே வியக்கவைத்தது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் வாழ்க்கை நினைவுகளைச் சேகரிக்க இதன் மறுவடிவத்தையே பயன்படுத்துகிறார்கள்.

பத்து முதல் முப்பது வரை

நடுவயதைக் கடந்தவர்களிடம் இப்படிச் சேகரித்த நினைவுகளை வயதுவாரியாக வரைபடத்தில் குறித்தால், ஏறத்தாழ 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவே ஒரு மேடு எழும்புகிறது. அண்மைய சில ஆண்டுகளை விட்டுவிட்டால், வேறெந்தப் பருவத்தைக் காட்டிலும் அந்த வயதின் நினைவுகள் மிகுதி. பல நாடுகளில், பல மொழி பேசுபவர்களிடம் இந்த மேடு தென்படுகிறது. அந்தப் பருவத்தில்தான் பல காரியங்கள் முதல்முறையாக நடக்கின்றன, முதன்முதலில் நடந்தது ஆழமாகப் பதிகிறது என்பது ஒரு விளக்கம். “நான் யார்” என்ற எண்ணம் அப்போதுதான் உருவாகிறது, அதற்கு ஆதாரமான நிகழ்ச்சிகளை நாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறோம் என்பது இன்னொன்று.

தமிழின் பெரிய தன்வரலாற்று நூலான ‘என் சரித்திர’த்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், அதை 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். அப்போது வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. 1871 முதல் 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட காலம், அதாவது அவருடைய பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையிலான காலம், அந்நூலில் மிகப் பெரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கடந்த பின்னும் ஆசிரியரின் உணவும் நடையும் பேச்சும் அதில் தெளிவாக நிற்கின்றன. ஆசிரியர்மீது கொண்ட பக்தி அதற்கு முதல் காரணம். அந்த வயதின் வலிமையும் துணைநின்றிருக்கும்.

எனவே பிறப்பில் தொடங்கி வரிசையாக வர வேண்டியதில்லை. பதினேழு வயதில் முதன்முதலாக வீட்டை விட்டு வெளியூர் போன நாளில் தொடங்கலாம். முதல் சம்பளத்தில் தொடங்கலாம். புகுந்த வீட்டில் முதன்முதலாக உலை வைத்த காலையில் தொடங்கலாம்.

நமக்காகப் பிறர் வைத்திருக்கும் நினைவு

பெரும்பாலோருக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்த எதுவும் நினைவில் இருப்பதில்லை. நியூசிலாந்தில் 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதில் புதிய வெளிச்சம் தந்தது. அங்குள்ள மாவோரி மக்களின் முதல் நினைவு, சராசரியாக மூன்று வயது நிறைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த நாட்டின் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அது மேலும் பல மாதங்கள் கழித்துத்தான். கடந்தகாலத்தையும் முன்னோரையும் பற்றிப் பேசுவதற்கு மாவோரி வாழ்வில் உள்ள முதன்மையை ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். “அன்று என்ன பார்த்தாய்? அப்புறம் என்ன நடந்தது?” என்று குழந்தையிடம் விரிவாகப் பேசும் வீடுகளில் நினைவு முன்னதாகவே வேர்பிடிக்கிறது.

நினைவு தனியொருவரின் தலைக்குள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு வாகெனாரே ஒரு சான்று தருகிறார். நான்கு துப்புகளும் இருந்தும் சில நிகழ்ச்சிகள் அவருக்கு எட்டவே இல்லை. அவற்றுள் பத்து நிகழ்ச்சிகளுக்கு, அன்று உடனிருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்கள் கூடுதலாக ஒன்றிரண்டு விவரங்களைச் சொன்னதும் பத்துமே திரும்பி வந்தன. அடியோடு அழிந்துவிட்டது என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி, சரியான துப்புக்காகக் காத்திருக்கிறது. “அத்தை, நம்ம பழைய வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது?” என்ற ஒரு கேள்வியோடு ஒரு மாலை போய் உட்காருங்கள். பதில் அடுப்படியோடு நிற்காது.

உறுதி வேறு, உண்மை வேறு

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானில் வெடித்தது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர், மறுநாள் காலையிலேயே மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை ஆண்டுகள் கழித்து 44 பேரை அழைத்து அதையே மறுபடி கேட்டார். கால்வாசிப் பேரின் பதில்களில் முதன்மையான விவரங்கள் எல்லாமே தவறு. அவர்களில் பலர் தாங்கள் சொல்வதில் முழு உறுதியோடு இருந்தார்கள்.

ஏன் இப்படி? நியூயார்க்கில் கரீம் நாதரும் ஜோசப் லெடூவும் சக ஆய்வாளர்களும் 2000இல் எலிகளிடம் கண்டது ஒரு விடையைக் காட்டுகிறது. ஓர் ஒலியைக் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று எலிகள் கற்றிருந்தன. அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, நினைவு எழுந்த உடனே, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினார்கள். பழைய பயம் மங்கிப்போனது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்து மட்டும் செலுத்திய எலிகளிடம் பயம் அப்படியே இருந்தது. எழுப்பப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது. அந்த நேரத்தில் அது மாறக்கூடும். இருபது தீபாவளிகளுக்குச் சொல்லிச் சிரித்த குடும்பக் கதை, நடந்ததிலிருந்து சற்று விலகியிருந்தால் அதில் வியப்பில்லை.

உண்மையை எழுத வந்தவர் இதனால் மனம் தளர வேண்டாம். மூன்று வகைகளைக் கலக்காமல் எழுதினால் போதும்: நான் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, நானே ஊகிப்பது. “அம்மா சொல்வாள்”, “என் நினைவில் அப்படித்தான் இருக்கிறது, அண்ணன் வேறுவிதமாகச் சொல்கிறான்” என்று எழுதும்போது வாசகரின் நம்பிக்கை கூடுகிறது. ஆவணங்களையும் தேடலாம். அவையும் தவறக்கூடும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டதும் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, தலைமையாசிரியர் தோன்றிய ஒரு தேதியைப் பிறந்தநாளாக எழுதிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

தேதிகளைப் பிறகு நிரப்பிக்கொள்ள நம் பெரியவர்களிடம் நல்ல முறை ஒன்று உண்டு. “அண்ணா இறந்த வருஷம்”, “தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின மாசம்” என்பார்கள். எலிசபெத் லாஃப்டஸும் ஒரு சக ஆய்வாளரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்துக்குத் துணைநிற்கிறது. பழைய நிகழ்ச்சிகளை அண்மையில் நடந்ததாக நினைப்பது மனித இயல்பு. 1980இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்ததை அடையாளமாக வைத்து “அதற்குப் பின் நடந்ததா?” என்று கேட்டபோது அந்தப் பிழை குறைந்தது. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் என்று ஊரறிந்த தேதிகளுக்கு அருகில் வீட்டு நிகழ்ச்சிகளைப் பொருத்தினால் காலவரிசை தானாக அமையும்.

அன்றன்றைக்கு எழுதினால் இந்தச் சிக்கலே குறைவு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும், சரக்கு விலையும், ஊர்ப்பேச்சும் சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. அந்தக் காலத்தின் தென்னிந்திய வரலாற்றை எழுத முனைவோர் இன்றும் அதை நாடுகிறார்கள். பழையதை எழுதிக்கொண்டே இன்றையதையும் நாலு வரி குறித்துவைப்பது நல்லது.

வலிக்கும் இடம் வந்தால்

எழுதும்போது இழப்புகளும் வந்து நிற்கும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் கல்லூரி மாணவர்களை நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், மனத்தை மிகவும் காயப்படுத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்கள் வருந்தினார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது மற்றவர்களைவிடக் குறைந்தது. அதன்பின் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பயன் சிறியதுதான். யாருக்குக் கூடுதலாகப் பயன்பட்டது என்பதைப் பென்னிபேக்கரின் பின்னாளைய ஆய்வுகள் காட்டின: முதல் நாள் சிதறலாகக் கொட்டி, அடுத்தடுத்த நாள்களில் “ஏனென்றால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்களை நோக்கி நகர்ந்தவர்களுக்கு. காயம் பச்சையாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவைக்கலாம். அவசரம் ஏதுமில்லை.

அவசரம் வேறொன்றில் இருக்கிறது. கோயில் கல்வெட்டும் அரசாங்கக் கோப்பும் பதிந்துவைக்காத வாழ்க்கை பெரிது. ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர்கள், விடியுமுன் எழுந்து ஏழு பேருக்குச் சமைத்துவிட்டு நாற்று நடப் போனவர்கள், ஒரே விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தவர்கள் ஆகியோரின் அன்றாடத்தை, அதை வாழ்ந்தவர்களும் அவர்களோடு இருந்தவர்களும் மட்டுமே சொல்ல முடியும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

முழுவதையும் எழுதிவிட யாராலும் முடிவதில்லை. 1942இல் உ.வே.சா. மறைந்தபோது அவருடைய சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரைதான் வந்திருந்தது. மீதி நாற்பதாண்டுக் கதை எழுதப்படவே இல்லை. எழுதப்பட்ட பகுதிக்காகத் தமிழ் அவருக்கு என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. உங்கள் நோட்டிலும் முடிவு இருக்க வேண்டியதில்லை. ஓர் இடம், ஓர் ஆள், அங்கே நடந்த ஒரு காரியம் கிடைத்தால் இன்று இரவே இருபது நிமிடம் எழுதலாம். தேதியை ஓரத்தில் பிறகு குறித்துக்கொள்ளலாம்.